சென்னை மாமன்றம் 2022: கவுன்சிலர் வந்து என்ன மாறியது?

பல்லவன்_21சி

அடுத்த தேர்தலுக்கு எங்கள் பக்கம் இப்போதே சுவர் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சென்னை மாநகராட்சியின் இந்த மாமன்றத்துக்கு, அதாவது கவுன்சிலர்கள் சபைக்கு, 2027 தொடக்கம் வரைதான் காலம். அதற்குள் கணக்குப் பார்த்துவிடலாம் என்று இழையைத் தொடங்குகிறேன்.

நினைவில்லாதவர்களுக்கு: பழைய மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு 5 வருடத்துக்கு மேல் தேர்தலே இல்லை, கவுன்சிலர்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு. 200 வார்டில் தி.மு.க. மட்டும் 153, கூட்டணியோடு சேர்த்தால் 178. அ.தி.மு.க. 15, பா.ஜ.க. ஒன்று, சுயேச்சை 5. மார்ச் 4 அன்று பிரியா மேயரானார். 30 வயதுகூட ஆகவில்லை. தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர், தலித் சமூகத்தில் இருந்து வந்த முதல் பெண் மேயர்.

என் கேள்வி ஒன்றுதான். தனி அலுவலர் இருந்தபோதும் குப்பை அள்ளினார்கள், ரோடு போட்டார்கள். கவுன்சிலர் வந்ததால் என்ன கூடியது? எது முதலில், எது அப்புறம் என்று யார் முடிவு செய்தார்கள்? கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே வேண்டாம்.

மாம்பலம்_ராஜி

எனக்கு ஒரே அளவுகோல் எங்கள் வீட்டு வாசல்படி. மொத்தம் ஐந்து படி. 2021 நவம்பரில் தி.நகர் மூழ்கியபோது மூன்றாவது படி வரை தண்ணீர். மாமியார் அந்தப் படியில் மஞ்சளால் ஒரு கோடு இழுத்து வைத்தார், இன்னும் லேசாகத் தெரிகிறது. 2022 மழையில் முதல் படியோடு நின்று, சாயங்காலமே வடிந்துவிட்டது. 2023 டிசம்பர் புயலில் மறுபடி இரண்டாவது படி ஏறியது, ஆனால் மறுநாள் இறங்கிவிட்டது. 2024 அக்டோபரில் தெருவோடு சரி.

வெள்ளத் தடுப்புக்கு என்று திருப்புகழ் குழு போட்டது, வடிகால் வெட்டியது எல்லாம் அரசு செய்ததா மாமன்றம் செய்ததா என்று எனக்குத் தெரியாது. வெட்டினார்கள், வடிந்தது.

மடிப்பாக்கம்_சீனு

ராஜி மேடம், தி.நகர் எப்போதும் பந்தியில் முதல் இலை. எங்களுக்குக் கடைசி இலை.

2011-ல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆனது. 155 வார்டு 200 ஆனது. அப்படிச் சேர்ந்த பகுதிதான் நாங்கள். அதற்கு முன் ஊராட்சி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் அன்று நுங்கம்பாக்கத்திலேயே இரண்டு நாளில் 40 செ.மீக்கு மேல் மழை. கடலும் தண்ணீரை உள்ளே வாங்கவில்லை. புயல் கரையை ஒட்டியே நின்றதால் முகத்துவாரத்தில் எதிர் அலை. பள்ளிக்கரணை சதுப்பு நிலமோ ஒரு காலத்தில் இருந்ததில் சிறு துண்டுதான் மிச்சம். எல்லா ஊர்த் தண்ணீரும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அடுத்த வருடம் அக்டோபரில் வானிலை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நின்றதே, பேப்பரில் படம் பார்த்திருப்பீர்கள். அதில் என் மச்சான் வண்டியும் ஒன்று. மழை அவ்வளவு பெய்யவில்லை, எல்லாரும் கிண்டல் செய்தார்கள். ஒரு தடவை இன்ஜினுக்குள் தண்ணீர் போனவன்தான் அங்கே கொண்டுபோய் நிறுத்துவான்.

பல்லவன்_21சி

கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு 2024-ல் எடுத்துக்கொண்ட பிறகு அங்கே நான்கு குளம் வெட்டினார்களே சீனு, அது உங்கள் பக்கத்துக்கு ஏதாவது தாங்குமா?

மடிப்பாக்கம்_சீனு

கிண்டி, வேளச்சேரிக்குக் கொஞ்சம் தாங்கும் என்கிறார்கள். இப்படித் தண்ணீர் நிற்க இடம் விடுவதைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன். வடிகால் என்பது என் வீட்டுத் தண்ணீரை அடுத்த வீட்டுக்கு அனுப்புவது. யாராவது ஒருவர் கடைசி வீடாக இருந்துதானே தீர வேண்டும்?

ஓய்வுபெற்ற_கணக்கர்

பல்லவன் தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எல்லாரும் மழைக்குள் போய்விட்டீர்கள். உள்ளாட்சித் தணிக்கையில் 31 வருடம் இருந்தவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சென்னையில் எது யார் கையில் என்று முதலில் பாருங்கள். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர், 1978-ல் இருந்து தனி வாரியம். கட்டட அனுமதியில் பெரியது எல்லாம் சி.எம்.டி.ஏ., அதாவது பெருநகர் வளர்ச்சிக் குழுமம். கரண்ட் மின்வாரியம். பஸ் எம்.டி.சி. பெரிய ரோடு பல இடத்தில் நெடுஞ்சாலைத் துறை. கூவம், அடையாறு, பெரிய ஏரிகள் நீர்வளத் துறை. மாநகராட்சிக்கு மிச்சம்: குப்பை, தெரு விளக்கு, மழைநீர் வடிகால், உட்புறச் சாலைகள், 387 கிலோமீட்டர் பேருந்துத் தடச் சாலைகள், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பூங்கா, சுடுகாடு, பிறப்பு இறப்புச் சான்றிதழ். இந்த மிச்சத்திலும் ஆணையர் அரசு அனுப்பும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. மேயரால் ஒரு உதவிப் பொறியாளரைக்கூட நினைத்தபடி மாற்ற முடியாது. மேயருக்கு அங்கி உண்டு, சங்கிலி உண்டு, செங்கோல் உண்டு. பேனா பெரும்பாலும் வேறு கையில்.

பணம்? பெரிய வடிகால் வேலை எல்லாம் கடன். கொசஸ்தலையாற்றுப் படுகை, அதாவது திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் பக்கம், ஆசிய வளர்ச்சி வங்கி உதவியோடு 3,220 கோடி. கோவளம் படுகைக்கு ஜெர்மன் வங்கி. எந்தத் தெரு முதலில் என்பதை ஒப்பந்தப் பொதியும் வங்கியின் கால அட்டவணையும் முடிவு செய்கின்றன. கவுன்சிலர் மனு கொடுக்கலாம்.

கவுன்சிலரின் சொந்தப் பேனா என்றால் வார்டு நிதி. 2025-26 பட்ஜெட்டில் அதை 50 லட்சத்தில் இருந்து 60 லட்சமாக உயர்த்தினார்கள். ஒரு வார்டுக்குச் சராசரி 33,000 பேர் என்று வைத்துக்கொண்டால் (2011 கணக்கெடுப்பின் 66 லட்சத்தை 200-ஆல் வகுத்தேன், இப்போது நிச்சயம் கூட) தலைக்கு 180 ரூபாய். இரண்டு பேர் ஓட்டலில் காபி, மசால் தோசை சாப்பிடும் காசு. கவுன்சிலருக்கு மதிப்பூதியம் 2023 ஜூலையில் இருந்துதான் மாதம் 10,000.

அப்படி என்றால் மாமன்றம் எதையும் முடிவு செய்யவில்லையா? செய்தது. சொத்து வரி. 1998-க்கு அப்புறம் பொதுச் சீராய்வே இல்லாமல் இருந்தது. 2018-ல் உயர்த்தி, 2019-ல் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்தவுடன் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில், பதவி ஏற்று இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், இந்த மாமன்றம் தீர்மானம் போட்டது. பழைய எல்லைக்குள் வீடுகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம் உயர்வு, 1,800-க்கு மேல் 150. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் 25-ல் தொடங்கி 100 வரை. 2024 செப்டம்பரில் ஆண்டுதோறும் 6 சதவீதம் என்பதும் வந்தது. 15-வது நிதிக் குழுவின் நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள், அது உண்மையும்கூட.

திட்டுங்கள். ஆனால் 24 வருடமாக யாரும் முழுசாகத் தொடாத வேலையைத் தொட்டது இந்த மாமன்றம். என் கணக்கில் இதுதான் அவர்களின் பெரிய செயல், சாதனைப் பட்டியலில் அவர்களே அடக்கி வாசிப்பார்கள்.

வடபழனி_வாடகைதாரர்

ஐயா, வரியைத் தொட்டது மாமன்றம். வாடகையைத் தொட்டது எங்கள் வீட்டுக்காரர். 6 சதவீதம் என்று செய்தி வந்த அன்றே மாடிப்படி இறங்கி வந்துவிட்டார்.

மாம்பலம்_ராஜி

😂 எங்கள் தெருவில் பாதிப் பேர் செய்தியே படிப்பதில்லை. வீட்டுக்காரர்கள் மட்டும் படித்துவிடுகிறார்கள்.

கொருக்குப்பேட்டை_குமார்

கணக்கர் ஐயா நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் மாமன்றத்தை ரொம்பச் சுலபமாக வெளியே விட்டுவிட்டார். பேனா வேறு கையில் என்கிறீர்கள். சரி. இரண்டு இடத்தில் பேனா அவர்கள் கையில்தான் இருந்தது.

ஒன்று குப்பைமேடு. பெருங்குடியில் பயோமைனிங் நடந்தது, பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்டார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை. கொடுங்கையூரிலும் 640 கோடியில் நடக்கிறது. சின்ன வயதில் கோடையில் அந்த மேடு தானாகப் பற்றிக்கொள்ளும். ஜன்னலுக்கு ஈரச் சாக்கு கட்டிவிட்டுத்தான் அம்மா எங்களைத் தூங்க வைப்பார். காலையில் சாக்கைப் பிழிந்தால் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். அந்த மேடு கரைகிறது என்று சந்தோஷப்படும்போதே அதே இடத்தில் குப்பை எரிஉலை, ஒரு நாளைக்கு 2,100 டன் எரிக்கலாம் என்றார்கள். 2025 மே மாதம் வடசென்னை நலச்சங்கங்கள் சேர்ந்து மனிதச் சங்கிலி நின்றோம். அனல்மின் நிலையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய் ஆலை எல்லாம் எங்கள் பக்கம் இருக்கிறது. இன்னொரு புகைபோக்கியும் எங்களுக்குத்தானா? இது மாமன்றத்தின் முன்னால் வந்த விஷயம். கேள்வி நேரத்தில் மணிக்கணக்கில் பேசியிருக்க வேண்டாமா?

இரண்டாவது தூய்மைப் பணியாளர்கள். ராயபுரம், திரு.வி.க.நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் கேட்டது பணி நிரந்தரம். கையில் வரும் சம்பளம் குறையும் என்ற பயம். உயர் நீதிமன்றம் நடைபாதையைக் காலி செய்யச் சொன்னது. 13-ஆம் தேதி நள்ளிரவில் வண்டியில் ஏற்றினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி அவர்களுக்குக் காலை உணவு உட்பட ஆறு திட்டம் அறிவித்தது.

திரு.வி.க.நகர் மேயரின் சொந்த மண்டலம். அதுதான் எனக்கு உறுத்தல்.

ஓய்வுபெற்ற_கணக்கர்

குமார், மற்ற மண்டலங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தனியாரிடம்தான் இருந்தன, 2020 வாக்கிலேயே. அப்போது தனி அலுவலர் காலம். இவர்கள் தொடங்கி வைத்தது இல்லை.

கொருக்குப்பேட்டை_குமார்

தெரியும் ஐயா. அதையேதான் நானும் சொல்கிறேன். தனி அலுவலர் செய்ததை அப்படியே தொடர்வதற்கு 200 பேர் எதற்கு? தனி அலுவலரிடம் போய் "எங்கள் ஓட்டு" என்று கேட்க முடியாது. இவர்களிடம் கேட்டோம். வித்தியாசம் அங்கேதான் தெரிந்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_கணக்கர்

அது நியாயம்.

டீச்சரம்மா_புளியந்தோப்பு

குப்பைக்கும் தண்ணீருக்கும் நடுவில் பள்ளிக்கூடத்தை யாருமே எடுக்கவில்லை. நான் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன்.

காலை உணவுத் திட்டம் அரசுத் திட்டம், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கியது. ஆனால் சென்னையில் அதை நடத்துவது மாநகராட்சி. முதலில் 37 பள்ளி, அப்புறம் 358. எங்கள் பள்ளிக்கு எட்டு மணிக்குள் பொதுச் சமையற்கூடத்தில் இருந்து வண்டி வந்துவிடும். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே பிள்ளைகள் தட்டோடு வரிசை கட்டிவிடுவார்கள். பொங்கல் போடும் நாளில் ஒரு பையன் மிளகை எல்லாம் தட்டின் ஓரத்தில் எண்ணி வைப்பான். பன்னிரண்டு வரை பிழையில்லாமல் எண்ணுகிறான், நான் சொல்லிக் கொடுத்ததைவிட மிளகு சொல்லிக் கொடுத்தது அதிகம். முன்பெல்லாம் பத்தரை மணிக்கு மேசையில் தலை வைத்துப் படுக்கும் பிள்ளைகள் வகுப்புக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். வயிற்றுவலி என்பார்கள். பசி என்று சொல்ல வெட்கம்.

2023 கடைசியில் இந்தச் சமையலை வெளியே ஒப்பந்தம் விடும் தீர்மானம் மாமன்றத்தில் வந்தபோது நாலா பக்கமும் எதிர்ப்பு கிளம்பியது. அப்போதுதான் எங்கள் ஆசிரியர் அறையில் முதல்முறையாக மாமன்றக் கூட்டத்தைப் பற்றிப் பேசினோம். இதே மாநகராட்சிதான் 1920-ல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் என்று தீர்மானம். நூறு வருடம் கழித்தும் பேசுகிறோம் பாருங்கள். அதை முடிவு செய்தது மாமன்றம், மேலிருந்து வந்த உத்தரவு கிடையாது.

வடபழனி_வாடகைதாரர்

சாப்பாடு பேச்சு வந்ததால்: அம்மா உணவகத்தை மூடிவிடுவார்கள் என்று 2022-ல் எல்லாரும் சொன்னோம். மூடவில்லை. 2024 ஜூலையில் பாத்திரம், பராமரிப்புக்கு என்று 21 கோடி கொடுத்தார்கள். இட்லி இன்னும் ஒரு ரூபாய். வேறு கட்சி தொடங்கியதை வைத்திருந்ததற்கு ஒரு மதிப்பெண் போடலாம்.

மெரினா_காற்று

நான் சக்கர நாற்காலிக்காரன். இந்த இழையில் சாய்தளம் என்ற வார்த்தையே வரவில்லை என்பதால் எழுதுகிறேன்.

2022 நவம்பர் 27, மெரினாவில் எங்களுக்கு மரப் பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், செலவு 1.14 கோடி. திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவன், நாற்பத்தி மூன்று வயதில் முதல்முறையாக அலை தெரியும் தூரத்துக்கு என் கையாலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அதுவரை யாராவது தூக்கிக்கொண்டு போவார்கள். தூக்குகிறவன் அவசரம் நம் அவசரமாகிவிடும். ஐந்து நிமிடத்தில் "போலாமா" என்பான். அன்று இருட்டும் வரை இருந்தேன். சுண்டல் விற்கும் பையன் "என்ன சார், தனியாவா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல அவ்வளவு பிடித்திருந்தது.

இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து முனைப் பக்கத்தைப் பெயர்த்துவிட்டது. சமூக ஊடகத்தில் ஒரே சிரிப்பு, காசு கடலில் போச்சு என்று. பிறகு சரிசெய்தார்கள். கடலோரத்தில் மரத்தைப் போட்டால் கடல் எடுக்கத்தான் செய்யும், மறுபடி போட வேண்டியதுதான். ரோடு ஒவ்வொரு மழைக்கும் பெயர்கிறது, அதற்காக யாரும் ரோடே வேண்டாம் என்பதில்லையே.

பல்லவன்_21சி

நன்றி சார்.

மடிப்பாக்கம்_சீனு

ரோடு என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிய ரோடு, 'மில்லிங்' செய்யாமல் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். எங்கள் தெருவில் ஒப்பந்ததாரர் சுரண்டாமலேயே தொடங்கினார். நாங்கள் நாலு பேர் வண்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கவுன்சிலருக்கு போன் போட்டோம், அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். அவரும் ஒரு நாற்காலி கேட்டார். சாயங்காலம் சுரண்டும் இயந்திரம் வந்தது.

பல்லவன், உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். தனி அலுவலரின் போன் நம்பர் என்னிடம் இருந்ததில்லை.

மாம்பலம்_ராஜி

எங்கள் வார்டில் கவுன்சிலருக்கு போன் போட்டால் அவர் கணவர் எடுக்கிறார். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் போட்டாயிற்று. போனையும் ஒதுக்க வேண்டும் போலிருக்கிறது.

கொருக்குப்பேட்டை_குமார்

பகுதி சபா பற்றி யாராவது சொல்லுங்கள். வார்டுக்குப் பத்து, ஊருக்கு 2,000. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாடு முழுக்க முதல் கூட்டம் நடத்தினார்கள். கிராமசபை மாதிரி நமக்கும் ஒன்று வந்தது என்று நான் துள்ளினேன். உறுப்பினரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம் என்று தெரிந்ததும் பாதி அடங்கியது.

டீச்சரம்மா_புளியந்தோப்பு

அந்தக் கூட்டம் ஒன்று எங்கள் வகுப்பறையில்தான் நடந்தது. பதினான்கு பேர் வந்தார்கள். இரண்டாம் வகுப்பு பெஞ்ச், முட்டி தாடையில் இடிக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தெரு நாய், மாடு, பார்க்கிங், கொசு, மறுபடி நாய். ஒரு பாட்டி மட்டும் கடைசியில் எழுந்து, சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இரண்டு விளக்கு வேண்டும், ராத்திரி சவம் எடுத்துப் போகிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள் என்றார். கவுன்சிலர் அதை மட்டும் கையில் எழுதிக்கொண்டார், பேப்பரில் எழுதவில்லை, உள்ளங்கையில். விளக்கு வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற_கணக்கர்

இந்த மாதிரி விஷயம் எந்த ஐந்தாண்டுச் சாதனை மலரிலும் வராது. மலரில் வருவது கோடியில் தொடங்கும். இரண்டு விளக்குக்குக் கோடி ஆகாது.

இனி மிச்சம் இருக்கும் காலத்துக்கு என்னைக் கேட்டால் இரண்டே விஷயம். பகுதி சபாவில் என்ன பேசினார்கள் என்பதைத் தமிழில் தட்டச்சு செய்து வெளியிடட்டும். எரிஉலை மாதிரியான விஷயத்தில் தனிக் கூட்டம் போட்டு ஒரு நாள் முழுக்க விவாதிக்கட்டும், 200 பேரும் வாயைத் திறக்கட்டும். நன்றி சொல்லவே நேரம் போதாத கூட்டத்தில் எரிஉலையைப் பற்றி எப்போது பேசுவது? குறள் வாசித்துத் தொடங்குகிறார்கள், இடித்துரைப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்பதும் அதே குறளில்தான் இருக்கிறது.

பல்லவன்_21சி

தீர்மானங்களை எங்கே பார்ப்பது ஐயா?

ஓய்வுபெற்ற_கணக்கர்

மாநகராட்சி இணையதளத்தில் மாமன்றக் கூட்ட நடவடிக்கைகள் என்று தேடுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களாக இருக்கும், தேடு பொத்தான் வேலை செய்யாது. கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகத்தான் படிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளின் கடைசி வரியை முதலில் பாருங்கள். 'அனுமதிக்கப்பட்டது' என்று இருந்தால் அடுத்ததற்குப் போங்கள். 'ஒத்திவைக்கப்பட்டது' என்று எங்கேயாவது இருந்தால் நின்று படியுங்கள், அங்கே யாரோ பேசியிருக்கிறார்கள்.

பல்லவன்_21சி

இரண்டு நாளாக ராத்திரி உட்கார்ந்து ஒரு கூட்டத்தை மட்டும் முடித்தேன். எங்கள் வார்டு மூன்று இடத்தில் வருகிறது: ஒரு பூங்காவைப் பராமரிக்க ஒப்பந்த நீட்டிப்பு, ஒரு சிறுபாலம், ஒரு தெருவுக்குப் பெயர் மாற்றம். மூன்றும் 'அனுமதிக்கப்பட்டது'.

'ஒத்திவைக்கப்பட்டது' ஒன்றே ஒன்று கிடைத்தது. வேறு வார்டு. யாராவது அந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், தீர்மான எண்ணை அனுப்புகிறேன்.

கொருக்குப்பேட்டை_குமார்

அனுப்புங்கள்.